ஏரோப்ளேன் ஏட்டய்யாவும் ஏழு மெடல்களும்

திருமங்கலத்தில் கிளம்பிய டவுன் பஸ் பத்திரமாக மதுரை போய்ச் சேர்ந்தால் அதற்கு டிரைவர் காரணமில்லை. எங்கள் தெரு ஏரோப்ளேன் ஏட்டய்யாதான் காரணம். இதை நான் சொல்லவில்லை. அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

மற்றவர்களைப் போல பஸ்ஸைக் கண்டதும் அவர் ஓடி ஏறமாட்டார். முதலில் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயருக்கும் காலால் ஓர் எத்து. குனிந்து அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று ஒரு பார்வை. பிறகு பஸ்ஸுக்கு முன்னால் போய் விறைப்பாக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, டிரைவரின் கண்ணை நேராகப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். அதற்குப் பிறகுதான் படியில் கால்.

"யோவ் பெரிசு, ஏறுய்யா! நேரமாகுது" என்று உள்ளேயிருந்து யாராவது கத்துவார்கள்.

"ஏறிருவேன்ப்பா. எல்லாரும் ஒழுங்கா எறங்கணும்ல, அதைத்தான் பாக்குறேன்" என்பார்.

அதைக் கேட்ட பெண்கள் தாலியைத் தொட்டுக்கொள்வார்கள். கப்பலூர் தாண்டும்வரை பஸ்ஸில் பேச்சு மூச்சு இருக்காது.

பதினைந்து வருஷம் விமானப்படை, இருபத்து மூன்று வருஷம் போலீஸ். விமானப்படையில் அவர் ஓட்டுகிறவர் இல்லை. எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர். ஆனால் அவர் கட்டைவிரலைத் தூக்காமல் ஒரு விமானமும் தரையை விட்டுக் கிளம்பியதில்லையாம். போலீஸில் கடைசியில் எஸ்.ஐ. ஆகித்தான் ஓய்வு பெற்றார். இருந்தாலும் தெருவுக்கு அவர் ஏட்டய்யாதான். தெரு கொடுத்த பதவிக்கு மேல் அரசாங்கம் என்ன கொடுத்தாலும் ஒட்டாது.

தன் மொபெட்டை நிறுத்தினால் முன் சக்கரத்துக்கு ஒரு கட்டை, பின் சக்கரத்துக்கு ஒரு கட்டை வைப்பார். விமானத்துக்கு அப்படித்தானாம். ஒரு நாள் கட்டையை எடுக்க மறந்து கிளப்பிவிட்டார். மொபெட் தாண்டிக் குதித்தது, அவரும் குதித்தார். எழுந்ததும் முழங்காலைத் துடைக்கவில்லை. சாக்பீஸ் எடுத்து, தான் விழுந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, டேப் வைத்து அளந்து, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, விபத்துக்குக் காரணம் நகராட்சி ரோடு என்று தானே முடிவெழுதிக்கொண்டார். அந்த இரண்டு சாட்சிகளில் ஒருவன் நான்.

நான் அதே தெருவில் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். குத்துவிளக்கு, குடம், கோயில் மணி என்று எது வந்தாலும் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது தொழில். அதற்கு முன் கப்பலூரில் தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் அதே சக்கரத்தோடுதான் கிடந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சு அதற்கும் கீழே. காக்கிச் சட்டை போட்டவர் மணி கேட்டால்கூட எனக்குச் சட்டை நனைந்துவிடும். அப்படிப்பட்டவன் பட்டறை வழியாகத்தான் ஏட்டய்யா தினமும் காலையில் நடைப்பயிற்சி போவார்.

"ஏன் பாலிஷு முழிக்கிறே?"

"முழிக்கலீங்கய்யா."

"முழிக்காதவன் எதுக்கு முழிக்கலேங்கறான்?"

அவ்வளவுதான், போய்விடுவார். எனக்கு அன்று பகல் முழுக்க நான் என்ன குற்றம் செய்தேன் என்று யோசனையாகவே இருக்கும்.

அவர் வீட்டு முன்னறைக்குள் போனால் விமான நிலையத்துக்குள் நுழைகிறோமா, போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைகிறோமா என்று தெரியாது. மேசையில் தாள் பறக்காமல் இருக்க விமான எஞ்சின் பிளக் ஒன்று. சுவரில் உயரம் காட்டும் மீட்டர். அதன் முள் எப்போதோ நின்றுபோனதால் வீடு நிரந்தரமாக நாலாயிரம் அடியில் பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு விசில், ஒரு தொப்பி, ஒரு கைவிலங்கு.

அந்தக் கைவிலங்கை எப்படி மாட்டுவது என்று பால்காரருக்குக் காட்டப்போய், ஒரு நாள் தனக்கே மாட்டிக்கொண்டார். சாவி இல்லை. என் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, கப்பலூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

"யாருப்பா இது?"

"நானும் போலீஸ்தான் தம்பி" என்றார் ஏட்டய்யா.

"மாட்டுனவன் பூராம் அப்படித்தான் பெரியவரே சொல்றான்."

அன்று நான் சிந்திய வேர்வையில் ஒரு குடம் கழுவியிருக்கலாம்.

ஆனால் அந்த வீட்டில் அவர் யாரையும் தொடவிடாத பொருள் ஒன்று உண்டு. நீல வெல்வெட் போட்ட ஒரு பெட்டி. உள்ளே ஏழு மெடல்கள். ஐந்து விமானப்படையில் வாங்கியவை, இரண்டு போலீஸில். வருஷத்தில் இரண்டே நாள்தான், ஆகஸ்ட் பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும், அவை வெளிச்சத்தைப் பார்க்கும். எங்கள் தெரு நலச் சங்கம் கொடியேற்றும்போது அவற்றை நெஞ்சில் குத்திக்கொண்டு வந்து கயிற்றை இழுப்பார். அதற்கு முந்தின வாரம் முழுக்க அவற்றின் முகப்பைத் துணியால் அவரே துடைப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆகஸ்டுக்குச் சற்று முன்னால் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. குனியக் கூடாது, அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்டியோடு பட்டறைக்கு வந்தார்.

"இது என்ன பாலிஷு?"

"பெட்டிங்கய்யா."

"பெட்டியில்ல. முப்பத்தெட்டு வருஷம். பாத்து."

ஒரு தாளை எடுத்து, 'மெடல் ஏழு, ரிப்பன் ஏழு, பெட்டி ஒன்று, பெட்டிக்குப் பூட்டு இல்லை' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகும் வெகுநேரம் பெட்டியைத் திறக்கப் பயந்து, கையைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாலிஷ்காரனுக்கு முகப்பு முக்கியமில்லை. முகப்பை எவனும் பளபளப்பாக்குவான். ஓரம்தான் வேலை. குழாய்க் கம்பெனியில் சாமான் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவோம். எங்காவது தட்டுப்பட்டால் அது வார்ப்பில் ஒட்டிக்கொண்ட பிசிறு. தேய்த்து எடுக்காவிட்டால் சாமான் திரும்பி வரும். பன்னிரண்டு வருஷம் அப்படிப் பழகிய விரல் இது.

ரிப்பன்களைக் கழற்றினேன். முதல் மெடலின் ஓரத்தைத் தடவினேன். தட்டுப்பட்டது. கறுத்துப்போய் அழுக்கேறியிருந்த ஓரம். எத்தனை வருஷத்துப் பிசிறோ என்று சொரசொரப்புப் பொடி பூசிய துணிச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தேன். திருப்பித் தடவினேன். இன்னும் லேசாக. மறுபடி பிடித்தேன். மூன்றாவது தடவையில் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஏழையும் அப்படியே முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. பத்து தடவையாவது வெல்வெட்டில் வைத்து எடுத்துப் பார்த்திருப்பேன்.

மறுநாள் காலை, பட்டறைக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சங்கச் செயலாளர் அங்கே ஏட்டய்யாவைப் பிடித்து நிறுத்தினார். செயலாளர் ஓர் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஆதாரம் கேட்பார். கோயில் திருநீறுக்கே ரசீது கேட்கக்கூடியவர்.

"ஏட்டய்யா, தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்கேயோ ஒருத்தன் கடையில மெடல் வாங்கிக் குத்திக்கிட்டுக் கொடியேத்தி மாட்டிக்கிட்டானாம். நம்ம சங்கத்துக்கு அப்படி ஒரு கெட்ட பேரு வந்துரக் கூடாது பாருங்க. சர்டிபிகேட் ஏதாச்சும் இருந்தா ஒரு ஜெராக்ஸ்..."

ஏட்டய்யா டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இருவத்தி மூணு வருஷம் போலீஸ்ல இருந்திருக்கேன். கேட்ட உடனே பேப்பரை நீட்டுனவன் ஒருத்தன்கூட நல்லவன் கெடையாது. பேப்பரெல்லாம் காட்ட மாட்டேன்யா. ஒவ்வொரு மெடல் ஓரத்துலயும் என் நம்பர், ரேங்க், பேரு மூணும் வெட்டிக் குடுத்திருக்காங்க. பதினஞ்சாம் தேதி காலையில கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாங்க. தெருவே வந்து படிக்கட்டும்."

என் டீ சட்டையில் கொட்டியது. சுட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டறைக்குள் ஓடி, ஏழு மெடலையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. அவ்வளவு நல்ல பாலிஷ்.

என் மனைவி செல்வியிடம் மட்டும் சொன்னேன்.

"தட்டுப்பட்டா என்னன்னு பாக்க மாட்டீங்களா?"

"பிசிறுன்னு நெனச்சேன்."

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்."

"ஒண்ணையாச்சும் விட்டு வச்சிருக்கக் கூடாதா? என்னைக்கும் இல்லாம இதுல மட்டும் ஏங்க இம்புட்டு ஒழுங்கு? போங்க, இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனேன். ஏட்டய்யா வாசலில் முருங்கை மரத்தடியில் சாக்பீஸோடு நின்றிருந்தார்.

"அய்யா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்கய்யா" என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீதானா? காலையில இருந்து தேடிக்கிட்டிருக்கேன். ரெண்டு முருங்கைக்காயைக் காணோம். நீயா வந்து ஒத்துக்கிட்ட பாரு, அதுக்கே உன்னை விடுறேன். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனாய்யா?"

மேலும் நாலு காய் பறித்துக் கையில் திணித்தார். செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, செய்த தப்பை நெஞ்சில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். செல்வி என்னையும் பார்த்தாள், காயையும் பார்த்தாள். சாம்பார் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். பதினைந்தாம் தேதிக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"பாலிஷு, கடைசி மெடல் இருக்குல்ல, அது வைகையில தண்ணி வந்தப்ப ரெண்டு பேரை இழுத்துப் போட்டதுக்குக் குடுத்தது. எனக்கு நீச்சலே தெரியாது, அது வேற கதை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆளு யாரு இருக்கா? அங்க ஏர்போர்ஸ்ல வெறும் நம்பர். இங்க ஏட்டு. வீட்டுக்காரி உசுரோட இருந்தவரைக்கும் 'இந்தாங்க'. பேரு சொல்லி என்னை நிமிந்து நிக்க வச்சது அந்த ஏழு ஓரம்தான்யா."

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்துக்கொண்டே பேசியதால் சட்டை லேசாகத் தீய்ந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்த உண்மை அது ஒன்றுதான்.

பதினான்காம் தேதி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். புதுக் கண்ணுக்கு மெடல்கள் மின்னியதில் கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எண்ணினார். "ஏழு. சரி" என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். என் தோளில் தட்டினார். தட்டிய தோள் இரண்டு நாள் வலித்தது.

பதினைந்தாம் தேதி காலை. கொடிக்கம்பத்தைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. செயலாளர் மூக்குக் கண்ணாடி போதாதென்று ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருந்தார். நான் கடைசி வரிசையில், ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் பாதி உடம்பை வைத்திருந்தேன்.

ஏட்டய்யா நெஞ்சை நிமிர்த்தினார். "படிங்க!"

செயலாளர் முதல் மெடலைப் பிடித்துத் திருப்பினார். இரண்டாவது. மூன்றாவது. ஏழாவது வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"ஏட்டய்யா... ஒண்ணுமே இல்லையே."

"நல்லாப் பாருங்க."

"கண்ணாடி மாதிரி இருக்கு. புதுசு மாதிரி இருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "எந்தக் கடைண்ணே?" என்று ஒரு குரல். ஏட்டய்யா மெதுவாகத் தன் கட்டைவிரலை மெடல் ஓரத்தில் வைத்துத் தடவினார். திருப்பித் தடவினார். அவர் முகம் போன போக்கை இந்தக் கதையில் நான் எழுதப்போவதில்லை. கையிலிருந்த கொடிக்கயிற்றைச் செயலாளரிடம் நீட்டினார். "நீங்களே ஏத்துங்க" என்றார்.

நான் மின்கம்பத்துக்குப் பின்னாலிருந்து எப்படி முன்வரிசைக்கு வந்தேன் என்று தெரியவில்லை. "நான்தான்" என்று யாரோ சொன்னார்கள். அது என் குரல்.

"நான்தாங்க அழிச்சேன். பேரு இருந்துச்சு. ஏழுலயும் இருந்துச்சு."

செயலாளர் என்னைப் பார்த்தார். "யோவ், அவருக்காகப் பேசுறியா? சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தாரா?"

நான் பதில் சொல்வதற்குள் ஏட்டய்யா என் பக்கம் திரும்பினார். கோபத்தை எதிர்பார்த்துக் கண்ணை மூடினேன். விசாரணை வந்தது.

"எந்தச் சக்கரம்?"

"துணிச் சக்கரங்கய்யா."

"எத்தனை தடவை புடிச்சே?"

"ஒவ்வொண்ணும் மூணு தடவை."

"எழுத்து கண்ணுல படலையா?"

"அழுக்கா இருந்துச்சுங்கய்யா. விரல்லதான் பட்டுச்சு. பிசிறுன்னு நெனச்சேன். நெனச்சேன்னு... சொல்ல வந்தேன். முருங்கைக்காயைக் குடுத்துட்டீங்க."

"அப்ப அந்த முருங்கைக்காய்?"

"அது நான் இல்லீங்கய்யா."

சிரிப்பு கிளம்பியது. ஆனால் இது வேறு சிரிப்பு. ஏட்டய்யா கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "இவன் சட்டையைப் பாருங்க. தொப்பலா நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. என் சர்வீஸ்ல இப்படி வேத்தவன் எவனும் பொய் சொன்னதில்ல. குத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. செயலாளர், கயித்தைக் குடுங்க."

செயலாளர் என் சட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்க்காத குறை. கயிற்றைக் கொடுத்தார். கொடி ஏறியது. நான் மிட்டாய் வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அந்த வாரமே இரண்டு பாத்திரக் கடைக்காரர்கள் என்னிடம் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். "அவன்கிட்ட குத்துவிளக்கைக் குடுத்தா உச்சியில இருக்கற அன்னப்பறவையைப் பிசிறுன்னு தேச்சு எடுத்துருவான்" என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. அது நியாயம்தான்.

கொடியேற்றிய மறுநாளே ஏட்டய்யா பட்டறைக்கு வந்தார். புதிதாகப் பேர் வெட்டித் தருகிற ஆளை மதுரையில் விசாரித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். என் ஆயுளில் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அரசாங்கம் வெட்டுன எழுத்தை எவனோ வெட்டக் கூடாது. தேச்சவன் நீ. நீயே வச்சுக்க."

"எதைங்கய்யா?"

"நம்பர், ரேங்க், பேரு. மனப்பாடம் பண்ணு."

ஒன்பது நாள் பட்டறையில் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தார். விமானப்படை நம்பர், போலீஸ் நம்பர், ரேங்க், இனிஷியலோடு பேர். எனக்கு இங்கிலீஷ் வராது. சொல்லித் தடுமாறினால் முதலிலிருந்து. அதற்குப் பிறகு மெடலைப் பற்றி யார் கேட்டாலும், "ஓரம் பட்டறையில இருக்கு, போய்க் கேட்டுக்க" என்று அனுப்பிவிடுவார். உறவுக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் வந்தார்கள், ஒரு தடவை செயலாளரே தன் சம்பந்தியைக் கூட்டிவந்தார். சக்கரத்தை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று ஒப்பிப்பேன். இருபது பேருக்குச் சொன்ன பிறகு வேர்ப்பது கொஞ்சம் குறைந்தது.

போன வருஷம் அவர் மகள் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு என் போன் அடிக்கும்.

"ஓரம் சொல்லு."

சொல்வேன்.

"சரி." வைத்துவிடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆயிற்று. போன் வரவில்லை. பத்தரை. வரவில்லை. சக்கரத்தில் பிடித்த செம்பு கையிலிருந்து இரண்டு தடவை பறந்தது. போன் கெட்டுவிட்டதோ என்று செல்வியை விட்டு அடிக்கச் சொன்னேன், நன்றாகத்தான் அடித்தது. பதினொன்று.

"நீங்களே போட்டுப் பாருங்களேன்" என்றாள் செல்வி.

நானாக யாருக்கும் போன் போட்டதில்லை. எடுத்தால் என்ன பேசுவது என்கிற பயம். அன்று எடுக்காவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது. போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்து இருமினார்கள்.

"யாரு?"

என் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. நம்பர், ரேங்க், இனிஷியல், பேர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் இருமல் நின்றது.

"மாத்திரை போட்டுட்டு அசந்துட்டேன்யா" என்றார் ஏட்டய்யா. "காதுல சரியா விழல. இன்னொருக்கா சொல்லு."

விழுந்திருக்கும். இருந்தாலும் எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னேன்.